டெல்லி கணேஷ்

டெல்லி கணேஷ் (ஆகஸ்ட் 1, 1944 – நவம்பர் 9, 2024) தமிழ்த் திரைப்பட நடிகர், நாடக நடிகர், தொலைக்காட்சி நடிகர். இந்திய விமானப்படையில் பத்தாண்டுகள் பணியாற்றியபின் நாடகம் வழியாகத் திரைக்கு வந்தார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் 400-க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். கதாநாயகனாக நடித்த படங்கள் மிகக் குறைவு. தந்தை, மாமனார், சமையற்காரர், குமாஸ்தா, மருத்துவர், பக்கத்து வீட்டுக்காரர் முதலிய துணை வேடங்களிலேயே பெயர் பெற்றார். தமிழ்த் திரையின் முக்கியமான குணச்சித்திர நடிகர்களுள் ஒருவராக மதிப்பிடப்படுகிறார்.

பிறப்பு, ஊர்

டெல்லி கணேஷின் இயற்பெயர் கணேசன். பிறந்த ஊர் வல்லநாடு. திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி செல்லும் நெடுஞ்சாலையில், தாமிரபரணி ஆற்றையொட்டி அமைந்த ஊர் இது. இங்குள்ள குன்றுப் பகுதி வெளிமான் சரணாலயமாக உள்ளது. கணேசன் பிறந்தபோது வல்லநாடு ஒருங்கிணைந்த திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1986-இல் மாவட்டம் பிரிக்கப்பட்டபின் தூத்துக்குடி மாவட்டத்தில் சேர்ந்தது. அவரைச் சில குறிப்புகள் நெல்லைக்காரர் என்றும், சில குறிப்புகள் தூத்துக்குடிக்காரர் என்றும் சொல்வதற்கு இதுவே காரணம்.

விமானப்படையும் டெல்லி நாடகமும்

கணேசன் 1964-இல், இருபது வயதில், இந்திய விமானப்படையில் சேர்ந்து 1974 வரை பணியாற்றினார். டெல்லியில் இருந்த காலத்தில் அங்குள்ள தமிழர்களின் நாடகக் குழுவான தட்சிண பாரத நாடக சபாவில் இணைந்து நடித்தார்.

அக்காலத்தில் டெல்லியில் மத்திய அரசு அலுவலகங்களிலும் படைப்பிரிவுகளிலும் பணிபுரிந்த தமிழர்கள் பலர் இருந்தனர். ஊரை விட்டு வெகுதூரம் வந்தவர்களுக்குத் தமிழ் கேட்கவும், ஒன்றுகூடவும் இசைக் கச்சேரியும் நாடகமும் வழியாக இருந்தன. நடிப்பவர்களும் பார்ப்பவர்களும் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள். பகலில் வேலை, மாலையில் ஒத்திகை என்பதே நடைமுறை. கணேசன் நடிப்பைக் கற்றது இத்தகைய மேடையில்தான்.

சென்னை சபா நாடகங்கள்

விமானப்படையிலிருந்து வெளிவந்தபின் சென்னையில் காத்தாடி ராமமூர்த்தியின் நாடகக் குழுவில் நடித்தார். சென்னையில் அது சபா நாடகங்களின் பொற்காலம். சபாக்கள் ஆண்டுச் சந்தா செலுத்திய உறுப்பினர்களுக்காக மாதந்தோறும் கச்சேரியும் நாடகமும் நடத்தின. அரங்க அமைப்பு எளிமையானது. பெரும்பாலும் ஒரு வீட்டுக் கூடம், சில நாற்காலிகள், ஒரு தொலைபேசி. நாடகம் முழுவதும் வசனத்தை நம்பியே நின்றது. நடுத்தரக் குடும்பத்தின் பணக்கஷ்டம், வரதட்சிணை, மாமியார் மருமகள் உறவு, அலுவலகச் சிக்கல் ஆகியவை பேசுபொருள்களாக இருந்தன.

தமிழ்த் திரைக்கு நடிகர்கள் வந்த வழியே இக்காலத்தில் மாறியது. முந்தைய தலைமுறையில் நாகர்கோவில் என்.எஸ். கிருஷ்ணன் போன்றவர்கள் தொழில்முறை நாடகக் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள். அவர்களுக்கு நாடகமே பள்ளி, நாடகமே பிழைப்பு. சபா தலைமுறையினர் படித்து வேலைக்குச் சென்றபடி நடித்தவர்கள். கே. பாலசந்தர் அரசுக் கணக்குத் துறையிலும் நாகேஷ் ரயில்வேயிலும் பணியாற்றியவர்கள். பாட்டும் உரத்த வசனமும் பின்னுக்குச் செல்ல, வீட்டில் பேசுவது போன்ற பேச்சு முன்னுக்கு வந்தது. டெல்லி கணேஷின் நடிப்பு இந்த இரண்டாம் மரபைச் சேர்ந்தது.

திரை வருகை

விசு எழுதிய ‘பட்டினப்பிரவேசம்’ என்ற நாடகத்தைக் கே. பாலசந்தர் அதே பெயரில் படமாக்கினார். 1977-இல் வெளிவந்த அப்படமே கணேசனின் முதல் படம். கிராமத்துக் குடும்பம் ஒன்று நகரத்துக்குக் குடிபெயர்ந்து சிதைவதைச் சொல்லும் கதை அது. ‘டெல்லி கணேஷ்’ என்ற பெயரைச் சூட்டியவர் பாலசந்தர்.

தமிழ்த் திரையில் கணேசன் என்ற பெயருக்கு முன் அடைமொழி வேண்டியிருந்தது. சிவாஜி கணேசனுக்கு ஒரு நாடக வேடமும் ஜெமினி கணேசனுக்கு ஒரு ஸ்டுடியோவும் அடைமொழி ஆயின. வல்லநாட்டுக் கணேசனுக்கு அவர் வேலை பார்த்த ஊர் அடைமொழி ஆயிற்று.

பசி

துரை இயக்கிய ‘பசி’ (1979) டெல்லி கணேஷின் வாழ்வில் முக்கியமான படம். சென்னைக் குடிசைப் பகுதியில் குப்பை பொறுக்கிப் பிழைக்கும் குப்பம்மா என்ற பெண்ணைப் பற்றிய கதை. குப்பம்மாவாக நடித்த ஷோபா சிறந்த நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றார். குப்பம்மாவின் தந்தையான ரிக்‌ஷாக்காரர் முனியாண்டியாக டெல்லி கணேஷ் நடித்தார். தமிழ்நாடு அரசின் திரைப்பட விருதுகளில் சிறப்புப் பரிசு இவ்வேடத்துக்காக அவருக்குக் கிடைத்தது.

பிற்காலத்தில் பிராமணக் குடும்பத்துப் பாத்திரங்களே அவருக்கு மிகுதியாகக் கிடைத்தன. ஆனால் முதல் பெரிய அங்கீகாரம் சென்னைத் தமிழ் பேசும் ரிக்‌ஷாத் தொழிலாளி வேடத்துக்குக் கிடைத்தது என்பது அவருடைய நடிப்பின் எல்லையை அறிய உதவும். ஒரு நடிகருக்கு எது வரும் என்பதைவிட, ஏற்கெனவே எது எடுபட்டது என்பதைப் பார்த்தே திரைத்துறை வேடங்களைக் கொடுக்கிறது. ‘பசி’யைப் போன்ற வேடங்கள் பின்னாளில் அவருக்கு அரிதாகவே அமைந்தன.

1981-இல் ‘எங்கம்மா மகராணி’யில் கதாநாயகனாக நடித்தார். அந்த வழி நீளவில்லை.

குணச்சித்திர வேடங்கள்

பாலசந்தரின் ‘சிந்து பைரவி’யில் (1985) மிருதங்கக் கலைஞர் குருமூர்த்தியாக நடித்தார். குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வரும் குருமூர்த்தியை, கட்டுப்பாடு மிக்க பாடகர் ஜே.கே.பி. (சிவகுமார்) ஒதுக்கிவிடுகிறார். பின்னர் அதே பாடகர் மதுவுக்கு அடிமையாகிறார். பாடகரின் வீழ்ச்சி பார்வையாளர் மனத்தில் தைப்பதற்கு, முன்பு குருமூர்த்தி அடைந்த அவமானம் நினைவில் இருந்தாக வேண்டும். சில காட்சிகளே வரும் துணைப் பாத்திரம் முழுக்கதையையும் தாங்குவதற்கு இது நல்ல உதாரணம்.

மணிரத்னத்தின் ‘நாயகன்’ (1987) படத்தில் வேலு நாயக்கருடன் இருக்கும் ஐயர் வேடம் ஏற்றார். பம்பாயில் வாழும் வேலுவுக்கு இந்தி தெரியாது. அவருக்கும் மற்றவர்களுக்கும் இடையே மொழிபெயர்ப்பவர் இந்த ஐயர். வன்முறை நிறைந்த உலகத்தில் அச்சமும் விசுவாசமும் கலந்த சாதாரண மனிதராக அப்பாத்திரம் வெளிப்பட்டது.

கமல்ஹாசன் படங்கள்

கமல்ஹாசனின் பல முக்கியப் படங்களில் டெல்லி கணேஷ் இடம்பெற்றார். ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) படத்தில் நான்கு வில்லன்களுள் ஒருவரான பிரான்சிஸ் அன்பரசுவாக வந்தார். நகைச்சுவை வேடங்களால் அறியப்பட்டவர் கொலைகாரராக வந்தது அப்போது புதுமையாக இருந்தது.

‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) படத்தின் பாலக்காட்டு மணி ஐயர் அவருடைய வேடங்களுள் மிகப் புகழ்பெற்றது. நான்கு சகோதரர்களில் ஒருவரான காமேஸ்வரனை வளர்த்த சமையற்காரர் இவர். கிரேசி மோகனின் வசனத்தில் சிலேடைகள் விரைவாக வந்துகொண்டே இருக்கும். அவ்வேகத்தில் மலையாளம் கலந்த பாலக்காட்டுத் தமிழின் ராகத்தையும் விடாமல் பேச வேண்டும். சிரிப்பு வருவதை அறிந்து நடிப்பதாகத் தெரிந்தால் காட்சி கெட்டுவிடும். மணி ஐயருக்குத் தன் சாம்பாரும் தன் மானமும் உண்மையான கவலைகள். கல்யாணச் சமையலில் மீன் விழுந்த காட்சி இன்றும் ரசிக்கப்படுவதற்கு அந்தக் கவலையின் உண்மை ஒரு காரணம்.

‘அவ்வை சண்முகி’ (1996), ‘தெனாலி’ (2000) ஆகிய படங்களிலும் நகைச்சுவை வேடங்களில் நடித்தார். ‘தெனாலி’யில் சக மருத்துவரின் புகழைக் கண்டு பொருமும் மனநல மருத்துவர் பஞ்சபூதமாக வந்தார். தாமிரபரணிக் கரையைக் களமாகக் கொண்ட ‘பாபநாசம்’ (2015) படத்திலும் நடித்தார்.

நடிப்பு முறை

டெல்லி கணேஷின் பலம் பேச்சில் இருந்தது. சென்னைத் தமிழ், பாலக்காட்டுத் தமிழ், பிராமணப் பேச்சு ஆகிய ஒவ்வொன்றையும் வேறுபாடு தெரியப் பேசினார். ஒப்பனையிலோ உடையிலோ பெரிய மாற்றம் இல்லாமலே குரலின் ஏற்ற இறக்கத்தால் பாத்திரத்தை மாற்றிக் காட்டினார்.

இன்னொரு பலம் எதிரில் இருப்பவர் பேசும்போது அவர் காட்டும் முகபாவம். நகைச்சுவைக் காட்சியில் சிரிப்பை உண்டாக்குவது பாதி வசனம் என்றால், மீதி அதைக் கேட்பவரின் முகம். மேடையில் ஒரே காட்சியில் நீண்ட நேரம் பேசாமல் நிற்கவும் பழக வேண்டும். அப்பழக்கம் திரையில் அவருக்கு உதவியது.

பூர்ணம் விஸ்வநாதனுடன் ஒப்பீடு

டெல்லி கணேஷுக்கு முன்னோடியாகச் சொல்லத்தக்கவர் பூர்ணம் விஸ்வநாதன் (1921–2008). அவரும் நெல்லை மாவட்டத்துக்காரர், பிறந்த இடம் முண்டந்துறை. டெல்லியில் அகில இந்திய வானொலியின் தமிழ்ச் செய்திப் பிரிவில் பணியாற்றியவர். பின்னர் சென்னையில் நாடகக் குழு நடத்தி, சுஜாதாவின் நாடகங்களை மேடையேற்றினார். திரையில் தந்தை வேடங்களால் அறியப்பட்டார். தாமிரபரணிப் பகுதியில் பிறப்பு, டெல்லியில் வேலை, பிறகு சென்னை மேடை, அதன்பின் திரையில் துணை வேடங்கள் என இருவர் வாழ்வும் ஒரே தடத்தில் சென்றன. பூர்ணம் கடைசிவரை மேடையின் மனிதராகவே அறியப்பட்டார். டெல்லி கணேஷ் திரையையே முழுநேரத் தொழிலாக ஆக்கிக்கொண்டார்.

பிற்காலம், மறைவு

தொலைக்காட்சித் தொடர்களிலும் குறும்படங்களிலும் தொடர்ந்து நடித்தார். குறும்பட இளைஞர்களுக்கு எளிதில் அணுகக்கூடிய மூத்த நடிகராக இருந்ததால் புதிய தலைமுறைப் பார்வையாளர்களிடமும் அறிமுகமானார். அவருடைய மகன் மகா நடித்த ‘என்னுள் ஆயிரம்’ 2016-இல் வெளிவந்தது. எண்பது வயதை நெருங்கிய நிலையிலும் ‘இந்தியன் 2’ (2024) படத்தில் நடித்தார்.

2024 நவம்பர் 9 இரவு சென்னை ராமாபுரத்தில் உள்ள இல்லத்தில் காலமானார். வயது 80. இந்திய விமானப்படையினர் வந்து அவர் உடலுக்கு விமானப்படைக் கொடி போர்த்தி மரியாதை செலுத்தினர். பணியை விட்டு ஐம்பது ஆண்டுகள் கழித்துக் கிடைத்த அந்த மரியாதை, அவரை நடிகராக மட்டுமே அறிந்திருந்த பலருக்குப் புதிய செய்தியாக இருந்தது.

விருதுகள்

• தமிழ்நாடு அரசு திரைப்பட விருது, சிறப்புப் பரிசு – ‘பசி’ (1979)
• கலைமாமணி விருது, தமிழ்நாடு அரசு (1994)

மதிப்பீடு

நாயகர்களின் பெயரால் படங்களை நினைவு வைத்திருப்பது தமிழ்த் திரையின் வழக்கம். ஆனால் நாயகன் வாழும் வீடும் தெருவும் நம்பும்படி இருந்தால்தான் நாயகனையும் நம்ப முடியும். அந்த நம்பகத்தன்மையை உருவாக்குபவர்கள் குணச்சித்திர நடிகர்கள். டெல்லி கணேஷ் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அந்த வேலையைச் செய்தார். முப்பது வயதுக்குமேல் திரைக்கு வந்து, நாயகத் தோற்றமோ திரைக்குடும்பப் பின்னணியோ இல்லாமல், சிறிய வேடங்களைக் கொண்டே மக்கள் பெயர் சொல்லி அடையாளம் காணும் இடத்தை அடைந்தார். 1970-களின் இறுதி முதல் 2020-கள் வரை தமிழ் நடுத்தர வர்க்கத்து ஆண்களின் பேச்சு, தயக்கம், வீம்பு, பாசம் ஆகியவை திரையில் எவ்வாறு பதிவாயின என்று ஆராய்பவர்களுக்கு அவருடைய படங்கள் முக்கியமான சான்றுகள்.