சமையற்கட்டும் நற்கருணைக் கிண்ணமும்: ஒரு லுத்தரன் கல்லூரியின் முன்கதை

எங்கள் காட்டாங்குளத்தூர் பக்கம் கல்லூரி என்றாலே கட்டடம்தான். கல்லூரி மலர்களில் வரலாறும் அப்படித்தான் எழுதப்படுகிறது: அடிக்கல் நாட்டியவர், திறந்துவைத்தவர், முதல்வர்கள் வரிசை. அவ்வளவுதான். சமையற்கட்டில் நின்றது யாரு, யாரோட யாரு உட்கார்ந்து சாப்பிட்டாங்க என்பதற்கு அந்தப் பிரதியில் இடமில்லை. சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் குருகுலம் லுத்தரன் இறையியல் கல்லூரியை முன்வைத்து இந்த விடுபடலை வாசிக்கப் பார்க்கிறேன்.

குருகுலம் 1927இல் தொடங்கப்பட்டது தரங்கம்பாடியில். 1706இல் சீகன்பால்கு வந்திறங்கிய ஊர் அது. உள்ளூர்ப் பணியாளர்களைப் பயிற்றுவிக்க 1716இல் அங்கே அவர் ஒரு செமினரி நடத்தினார். 1718இல் புதிய எருசலேம் ஆலயம் எழுந்தது. ஆலயத்துக்குள் வெள்ளாளர் முதலான சாதிக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், பறையர்கள் இன்னொரு பக்கம். நடுவில் சுவரெல்லாம் இல்லை, கொஞ்சம் இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள்.

ஊழியர் வரிசைக்கு வருவோம். தஞ்சை அரசரின் படையில் இருந்த ராஜநாயக்கன் பறையர், கத்தோலிக்கராக இருந்தவர். அச்சில் வந்த தமிழ் வேதத்தைப் படித்துவிட்டு லுத்தரன் பக்கம் வந்தார். தஞ்சை வட்டாரத்தில் சபைகளை வளர்த்தவர்களில் அவர் முக்கியமானவர். 1733இல் முதல் இந்தியப் போதகரைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தபோது, பட்டம் வெள்ளாளரான ஆரோனுக்குப் போயிற்று. ஆரோன் தகுதியில்லாதவர் என்று சொல்ல வரவில்லை. ராஜநாயக்கன் கையால் நற்கருணை வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் தயங்குவார்கள் என்று மிஷனரிகளே எழுதிவைத்திருக்கிறார்கள். அவர் உபதேசியாராகவே இருந்து முடிந்தார்.

அடுத்த நூற்றாண்டில் சண்டை சமையற்கட்டுக்கு வந்தது. 1833இல் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியே கூடாது என்றார். 1850இல் சென்னை மிஷனரிகளின் மாநாடு இன்னும் ஒரு படி மேலே போய், பறையர் சமைத்ததைச் சாப்பிடுவதுதான் சாதியை விட்டதற்குச் சோதனை என்றது. லுத்தரன் லைப்சிக் மிஷன் மட்டும் இதில் சேரவில்லை. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் — திருக்குறளை ஜெர்மனில் தந்த அதே ஆள்தான் — சாதியைச் சமூக வழக்கமாகப் பார்த்தார். மதம் அதைக் கட்டாயப்படுத்தி ஒழிக்க வேண்டியதில்லை என்றார். பண்பாட்டு மரியாதை என்று இதை மெச்சுபவர்கள் இன்றும் உண்டு. யாருடைய பண்பாடு? ஆங்கிலிக்கன் சபையில் கோபித்துக்கொண்ட தஞ்சைச் சாதிக் கிறிஸ்தவர்கள் பலருக்கு லுத்தரன் சபை புகலிடமானது இப்படித்தான்.

இந்தப் பரம்பரையில் வந்த குருகுலத்தில்தான் 1980களின் பிற்பகுதியில் தலித் இறையியலுக்கென்று தனித் துறை வந்தது. தலைமையேற்ற அர்விந்த் நிர்மல் 1981இலேயே பெங்களூரில் இந்தச் சிந்தனைக்கு விதை போட்டவர். கிறிஸ்துவையே தலித்தாக வாசித்தவர். துறை வந்துவிட்டதால் சபைகள் மாறிவிட்டன என்று சொல்லிவிட முடியாது. கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதி பார்த்துப் புதைக்கும் கிறிஸ்தவ ஊர்கள் தமிழகத்தில் உண்டு. ஆனால் ராஜநாயக்கனுக்கு மறுக்கப்பட்ட அந்தக் கிண்ணம், 250 ஆண்டுகள் கழித்து, வகுப்பறையில் ஒரு கேள்வியாக வைக்கப்பட்டது.