சதகுப்பை: மருந்துப் பெட்டியிலிருந்து அடுக்களைக்கு

ஊர்விட்டு ஊர் சென்று குடியேறிய குடும்பங்களின் அடுக்களையில் இருவகைப் பொருள்கள் உண்டு. ஒன்று, ஊரிலிருந்து வருவித்துக்கொள்வது: கருப்பட்டி, சுக்கு, புளி, வறுத்து இடித்த பொடிகள் முதலியன. மற்றொன்று, வந்த இடத்தில் கிடைப்பதைப் பழகிக்கொள்வது. இவ்விரண்டிலும் சேராத மூன்றாம் வகை ஒன்றும் உண்டு. அப்பொருள் வந்த நாட்டின் சந்தையிலும் பச்சைக் கட்டுகளாகக் குவிந்திருக்கும். நம் ஊர் மருந்துப் பெட்டியிலும் இருக்கும். ஆயினும் இரண்டும் ஒன்றே என அறியாமல் நாம் கடந்து போய்விடுகிறோம். சதகுப்பை அத்தகையது. மேலைநாட்டார் 'டில்' என்று வழங்கும் கீரை இதுவே. இதனை வளர்ப்பதையும் சமைப்பதையும் பற்றிச் சிறிது விரிவாகக் காண்போம்.

எல்லையூர்களில் சதகுப்பை

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, நெய்யாற்றின்கரை வட்டத்திலுள்ள கோட்டுகால் முதல் பாறசாலை வரையிலான ஊர்கள், தமிழும் மலையாளமும் அண்டை வீட்டாராய் வாழும் நிலம். 1956 ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆட்சி எல்லை இரண்டாயிற்று, அடுக்களை இரண்டாகவில்லை. அங்காடி மருந்துக் கடையில் பாட்டிமார் கேட்டு வாங்கிய பெயரும் மாறவில்லை. தமிழில் சதகுப்பை, மலையாளத்தில் சதகுப்ப. வடமொழியில் 'நூறு பூக்களை உடையது' எனப் பொருள்படும் சதபுஷ்பா.

இப்பெயரைப் பற்றிச் சுவையான செய்தி ஒன்றுண்டு. விவிலியத்தில், மத்தேயு நற்செய்தியின் 23 ஆம் அதிகாரம் 23 ஆம் வசனத்தில், தசமபாகம் செலுத்தப்பட்ட மூன்று பூண்டுகள் குறிக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்றின் கிரேக்கப் பெயர் 'அனேதொன்', அது சதகுப்பையே. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதனை வெந்தயம் என்றது. மலையாள மொழிபெயர்ப்போ சதகுப்ப என்றே சொல்லிற்று. ஆகவே ஒரே வசனத்தை இருமொழிகளில் கேட்ட எல்லையூர் அண்டை வீட்டார், வெவ்வேறு செடிகளை மனத்தில் எண்ணியிருப்பர்!

ஆயினும் இப்பகுதியில் சதகுப்பை பெரும்பாலும் உலர்ந்த விதையாகவே அறியப்பட்டது. பிள்ளை பெற்ற தாய்க்குக் கொடுக்கும் மருந்துகளிலும், கர்க்கடக மாதத்தில், அதாவது நம் ஆடியில், காய்ச்சும் மருந்துக் கஞ்சியிலும் வெந்தயம், சீரகம் முதலியவற்றோடு அது சேரும். அதன் பச்சை இலையைக் கறியாக்கி உண்ணும் வழக்கம் இங்கே வேரூன்றவில்லை. கீரையைக் காணாமல் விதையை மட்டும் அறிந்ததே, வெளிநாட்டுச் சந்தையில் அதனை நாம் அடையாளம் காணாமைக்குக் காரணம்.

பிறர் அடுக்களையில்

நமக்கு அண்மையிலேயே இதனைக் கீரையாக உண்போர் உளர். கன்னடத்தார் 'சப்பசிகே சொப்பு' என்று வழங்கி, அவரைக்காய்ச் சாற்றிலும் அரிசி ரொட்டியிலும் சேர்க்கின்றனர். பெங்களூரில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் இதனைக் கற்றுக்கொண்டுள்ளன. மராட்டியர் 'சேப்பு' என்பர்; பாசிப்பருப்பும் பூண்டும் கூட்டி வதக்குவர். குஜராத்தியர் 'சுவா' என்பர். வட இந்தியாவில் 'சோயா' என்பதும் இதுவே. சோயா மொச்சைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

கடல் கடந்தால், பாரசீகர் பெரிய அவரை விதையோடு இதனைச் சோற்றில் கலந்து சமைக்கின்றனர். சுவீடன் நாட்டார் உப்பிட்ட மீனுக்கு இதனையே மணமாகச் சேர்க்கின்றனர். ருசியரும் செருமானியரும் வெள்ளரிக்காயை உப்புநீரில் ஊறவைக்கும்போது பூங்கொத்தோடு இடுகின்றனர். வளைகுடா நாட்டுக் கடைகளில் 'ஷபத்' என்று கேட்டால் கிடைக்கும். ஆகவே நம் மக்கள் எங்கே குடியேறியிருந்தாலும் இக்கீரை பெரும்பாலும் கைக்கெட்டும் தொலைவிலேயே உள்ளது.

அடையாளம்

கொத்துமல்லி, சீரகம், ஓமம், பெருஞ்சீரகம், காரட் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது சதகுப்பை. நூலிழை போன்ற நீலம் கலந்த பச்சை இலை. குடை விரித்தாற்போன்ற மஞ்சள் பூங்கொத்து. தட்டையான பழுப்பு விதை, அதன் ஓரத்தில் வெளிறிய மெல்லிய விளிம்பு. பெருஞ்சீரக விதை உருண்டு நீண்டு பச்சை சாயலோடு இனிக்கும். சதகுப்பை விதையில் இனிப்புக் குறைவு, காரம் மிகுதி. இந்திய வகையின் விதை ஐரோப்பிய வகையினும் நீண்டது. மணமும் சற்றுக் கனத்தது.

ஓர் எச்சரிக்கை. இதே குடும்பத்தில் கொடிய நச்சுச் செடிகளும் உள்ளன. குளிர்நாட்டு வயல் வரப்புகளில் இலை ஒத்திருக்கக் கண்டு பறித்து வருதல் கூடவே கூடாது. விதைத்தது அல்லது கடையில் வாங்கியது மட்டுமே அடுக்களைக்கு உரியது.

வளர்க்கும் முறை

சதகுப்பை குளிர்ச்சியை விரும்புவது. வெயில் மிகுந்தால் இலை விடுவதை நிறுத்திப் பூக்கத் தொடங்கிவிடும். எனவே கோட்டுகால் போன்ற கடலோர ஊர்களில் துலாவர்ஷ மழை ஓய்ந்த பின், கார்த்திகை, மார்கழியில் விதைப்பது நலம். மாசி வெயிலுக்குள் கீரை பறித்துவிடலாம். செம்மண்ணில் மட்கிய எருவும் சிறிது மணலும் கலந்து நீர் தேங்காதபடி செய்தல் வேண்டும். பனி உறையும் நாடுகளில் உள்ளோர் கடைசிப் பனி நீங்கிய பின் விதைப்பர்.

தொட்டியாயின் ஓரடி ஆழம் இருக்கட்டும். ஆணிவேர் இறங்க இடம் வேண்டும். நாற்றைப் பிடுங்கி நட்டால் வாடும்; ஆதலால் வளரவேண்டிய இடத்திலேயே விதையைத் தூவி, ஒரு சென்டிமீட்டருக்கு மேற்படாமல் மண் மூடுக. பத்து முதல் பதினான்கு நாட்களில் முளை தோன்றும். நெருக்கமாக முளைத்தவற்றைக் களைந்து, செடிக்குச் செடி ஒரு சாண் இடைவெளி விடுக. களைந்த இளஞ்செடிகளும் உணவே. ஆறு முதல் எட்டு வாரங்களில் இலை பறிக்கலாம். இருவாரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாக விதைத்து வந்தால் கீரை இடையறாது கிடைக்கும். சில செடிகளைப் பூக்க விட்டு, விதை பழுப்பேறியதும் கொத்தோடு அறுத்து, காகிதப் பையில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டால் மறு ஆண்டுக்கு விதை சேரும்.

சமைக்கும் முறை

நம் நாக்குக்கு முதலில் பொருந்துவது பருப்புத் துவரன். அரைக் கோப்பைப் பாசிப்பருப்பை அரைமணி நேரம் ஊறவைத்து, குழையாமல் அரைவேக்காடாக எடுத்துக்கொள்க. ஒரு கட்டுச் சதகுப்பைக் கீரையின் முரட்டுத் தண்டை நீக்கி, இலையைப் பொடியாக அரிக. கால்மூடித் தேங்காய், நான்கு சின்ன வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், சிட்டிகை மஞ்சள் ஆகியவற்றை ஒன்றிரண்டாக அரைக்க. சீரகம் வேண்டா, கீரையின் மணமே போதும். தேங்காய் எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்து, கீரையை இட்டு இரண்டு நிமிடம் வதக்கி, பருப்பையும் அரைப்பையும் உப்பும் சேர்த்து மூடி, ஆவியில் வேகவிட்டு இறக்குக. கஞ்சிக்கும் சோற்றுக்கும் இது நன்கு இயையும்.

அடுத்தது அரிசி ரொட்டி. பச்சரிசி மாவில் அரிந்த கீரை, தேங்காய்த்துருவல், வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்து வெந்நீரில் பிசைந்து, எண்ணெய் தடவிய தட்டைச் சட்டியிலே கையால் தட்டிச் சுட்டெடுக்கலாம். தேங்காய்ப்பால் சேர்த்த புளிப்புக் குறைந்த மீன் குழம்பிலும் ஒரு கைப்பிடி இலை சேரும். ஆனால் குழம்பை இறக்கும்போதுதான் தூவ வேண்டும். நெடுநேரம் கொதித்தால் மணம் போய்விடும். அவ்வாறே, வெயிலில் உலர்த்திய இலையில் மணம் தங்காது. மிகுந்த கீரையை அரிந்து உறைபெட்டியில் வைப்பதே நலம்.

தாய்மார் அறியவேண்டுவது

வெளிநாட்டில் பிள்ளை பெற்ற இளந்தாய்க்குப் பக்கத்தில் பாட்டி இல்லை. ஊரிலிருந்து வந்த மருந்துப் பொட்டலம் மட்டும் இருக்கிறது. அளவு சொல்ல ஆளில்லாத மருந்து ஐயத்துக்கு இடமாகும். ஆகவே இதனை வெளிப்படையாகச் சொல்வது நம் கடமை. உணவில் சேரும் கீரை வேறு. மருந்தாக உட்கொள்ளும் விதைப்பொடியும் விதை எண்ணெயும் வேறு. கருவுற்ற பெண்கள் பின்னவற்றை மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளலாகாது. காரட், செலரி முதலியவற்றால் ஒவ்வாமை உடையோரும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

குழந்தைக்கு? நம்மவர் பலர் அறிந்த 'கிரைப் வாட்டர்' சதகுப்பை எண்ணெய் சேர்ந்ததே. 1851 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் வில்லியம் உட்வர்ட் என்பவர் அதனை உருவாக்கினார். பழைய முறையில் சாராயமும் கலந்திருந்தது. பின்னர் அது நீக்கப்பட்டது. இன்று உலகச் சுகாதார நிறுவனம், முதல் ஆறு மாதம் தாய்ப்பாலன்றித் தண்ணீரும் வேண்டா என்றே அறிவுறுத்துகிறது. ஆதலின் சதகுப்பைக் கஷாயத்தையோ நீரையோ பச்சிளங்குழந்தைக்குப் புகட்டாதிருப்பதே அறிவுடைமை. தாய் தன் சோற்றோடு கீரைத் துவரனை உண்ணட்டும்; குழந்தை பால் உண்ணட்டும்.

பாட்டியின் பெட்டியிலிருந்த விதையும் அயல்நாட்டுக் கடையிலுள்ள பசுங்கட்டும் ஒரு செடியின் இரு நிலைகளே. மருந்து என்ற அச்சமும், அந்நியம் என்ற விலக்கும் நீங்கி, உணவாக அது நம் இலையில் இடம்பெறட்டும். அடுத்த முறை சந்தைக்குச் செல்லும் சகோதரிகள் ஒரு கட்டு வாங்கி, அதன் பெயரைப் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லிக் கொடுப்பார்களாக.