புழங்காத காசின் மதிப்பு

மலைப்பகுதிக் கிளைகளில் காலை நேரம் சற்றே அமைதியாக இருக்கும். மேட்டு ஊர்களிலிருந்து வரும் பேருந்துகள் வந்து சேர்ந்த பிறகே கூட்டம் கூடும். அப்படியொரு காலையில் வட்டவடையிலிருந்து பெரியவர் ஒருவர் முதல் ஆளாக வந்தார். பூண்டு விற்ற பணத்தைத் தம் சேமிப்புக் கணக்கில் போட்டு வைத்திருப்பவர். அதிலிருந்து பதினெட்டாயிரம் ரூபாய் எடுக்கப் படிவம் நிரப்பியிருந்தார். விதைப் பூண்டு வாங்கும் பருவமும் அதுவன்று, காரணம் கேட்டேன்.

அவர் மடியிலிருந்து பழைய தகர டப்பா ஒன்றை எடுத்தார். அதற்குள் இருந்த ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றைக் காட்டி, "இது பத்து லட்சம் பெறுமாம் சார். பதிவுக் கட்டணம் கட்டிவிட்டால் நாளைக்கே பணம் வந்துவிடும் என்கிறார்கள்" என்றார். நாணயத்தைப் பார்த்தேன். மாதா வைஷ்ணோ தேவி ஆலய வாரியத்தின் வெள்ளிவிழாவை ஒட்டி 2012-ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட, நாடெங்கும் புழங்கிய நாணயம். பேருந்து நடத்துநரின் பையில்கூட அது கிடைத்திருக்கும். கைப்பேசியில் பேசியவர் தம்மை ரிசர்வ் வங்கியின் முகவர் என்று சொல்லிக்கொண்டாராம்.

பெரியவரை உட்காரவைத்துத் தேநீர் வரவழைத்துச் சொன்னவற்றையே இங்கும் எழுதுகிறேன். அவர் ஒருவருக்கு மட்டும் வந்த அழைப்பு அன்று அது.

ரிசர்வ் வங்கி பழைய நாணயங்களையோ நோட்டுகளையோ கூடுதல் விலைக்கு வாங்குவதில்லை, விற்பதுமில்லை. அதற்காக எவரிடமும் கட்டணமோ, தரகோ, வரியோ கேட்பதில்லை; தன் பெயரில் அவ்வாறு வசூலிக்க எந்த நிறுவனத்துக்கும் தனிநபருக்கும் அதிகாரம் கொடுத்ததுமில்லை. 2021 ஆகஸ்டில் அவ்வங்கியே அறிக்கை வெளியிட்டு இதைத் தெளிவுபடுத்தியது. விற்பவன் முதலில் பணம் கட்ட வேண்டும் என்று எவரேனும் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஏற்கெனவே பணம் கட்டிவிட்டவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் இணையக் குற்றப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை இடையில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

பெரியவர் படிவத்தைக் கிழித்துப் போட்டார். ஆனால் அவர் கேட்ட அடுத்த கேள்வி நியாயமானது. "அப்படியானால் விலையுள்ள காசு என்று ஒன்று கிடையவே கிடையாதா சார்?"

உண்டு. இருபத்தைந்து ஆண்டுகளாக நாணயம் சேர்ப்பவன் என்ற முறையில் அதைச் சற்று விரிவாகவே சொல்லலாம்.

அண்மைக் கால நாணயங்களில் அருமை இரண்டு வகையாக உண்டாகிறது. முதலாவது, எண்ணிக்கை குறைந்ததால் வருவது. 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முதல் வெள்ளி ரூபாய் வெளிவந்தபோது, அவருடைய அங்கியில் பொறித்திருந்த யானை பன்றியைப் போலத் தெரிகிறது என்று மக்களிடையே முணுமுணுப்பு எழுந்தது. அடித்த 94 லட்சம் நாணயங்களில் ஏறத்தாழ 7 லட்சம் மட்டுமே வெளியே போயிருந்தன, எஞ்சியவை உருக்கப்பட்டன. அடுத்த ஆண்டின் நாணயத்தில் யானைக்குத் துதிக்கை தெளிவாக வரையப்பட்டது. 'பன்றி ரூபாய்' என்று சேகரிப்போர் தேடுவது இதைத்தான். 1939-ஆம் ஆண்டிட்ட ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயும் அத்தகையதே. 1940 முதல் ரூபாயில் வெள்ளியின் பங்கு பாதியாகக் குறைக்கப்பட்டது. அதற்கு முந்தைய இந்தக் கடைசி ரூபாய் மிக அரிதாகவே கிடைக்கிறது. ஆதலால் 1938 ரூபாயின் கடைசி இலக்கத்தைச் செதுக்கி மாற்றி விற்பவர்களும் இருக்கிறார்கள். பிரிட்டனில் 2009-இல் கியூ தாவரவியல் பூங்காவுக்காக வெளியிட்ட ஐம்பது பென்ஸ் நாணயம் 2,10,000 மட்டுமே அடிக்கப்பட்டது. அங்கே சில்லறையில் அதைத் தேடாத சேகரிப்பாளர் இல்லை.

இரண்டாவது வகை பலரும் அறியாதது. எனக்கு அதிலேதான் ஈடுபாடு. அது நாணயத்தின் நிலையால் வரும் அருமை. கோடிக்கணக்கில் அடிக்கப்பட்ட ஒரு காசு, அச்சிலிருந்து விழுந்த அன்றைய தோற்றத்தோடு இன்று எத்தனை எஞ்சியிருக்கிறது என்பதே இங்குக் கேள்வி.

ஒரு நாணயத்தின் பயணத்தை எண்ணிப் பாருங்கள். அச்சு அழுத்தியவுடன் அது ஒரு தொட்டியில் மற்ற நாணயங்களின் மேல் விழுகிறது. முதல் கீறல் அங்கேயே. பிறகு எண்ணும் இயந்திரம், மூட்டை, சரக்கு வண்டி, வங்கியின் கருவூலப் பெட்டகம், கிளை. இவ்வளவும் கடந்து உங்கள் கைக்கு வரும்போது அது 'புதிய காசு' என்றாலும் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் நூறு வடுக்களைக் காட்டும். அதன் பின் சட்டைப்பை, உண்டியல், கடைக்காரரின் கல்லா. வெள்ளி ரூபாயைப் பெட்டியில் பூட்டி வைத்தவர்கள் பலர். ஒரு பைசாவை யார் பூட்டி வைத்தார்கள்? விலை குறைந்த காசுதான் முற்றிலும் தேய்ந்து போகிறது. ஆகவே அடித்த எண்ணிக்கை மிகுந்திருப்பதும் நல்ல நிலையில் கிடைப்பது அரிதாவதும் ஒருங்கே நிகழ முடியும்.

1957 ஏப்ரல் 1 அன்று நாடு தசம நாணய முறைக்கு மாறியது. ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற கணக்குப் போய் நூறு நயா பைசா என்றாயிற்று. முதல் ஒரு நயா பைசா வெண்கலத்தில் வந்தது. ஒன்றரை கிராம் எடை, பதினாறு மில்லிமீட்டர் விட்டம். 'ரூபாயின் நூறில் ஒரு பங்கு' என்று அதில் இந்தியில் பொறித்திருந்தார்கள். 1962-இல் அது நிக்கல் பித்தளைக்கும், 1965-இல் அலுமினியத்துக்கும் மாறியது. அந்த வெண்கலக் காசு அச்சிலிருந்து வரும்போது செம்பருத்திச் சிவப்பாக இருக்கும். காற்றும் ஈரமும் விரல் வியர்வையும் பட்டுச் சில மாதங்களிலேயே பழுப்பாகும். சேகரிப்போர் இதைச் சிவப்பு, செம்பழுப்பு, பழுப்பு என மூன்றாகப் பிரிக்கிறார்கள். பழுப்பான காசு எந்தச் சந்தையிலும் சில்லறை விலைக்குக் கிடைக்கும். முழுச் சிவப்போடு, தேய்வே இல்லாத ஒன்றைக் காண எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

நிலையை அளப்பதற்கு உலகெங்கும் வழங்கும் அளவுகோல் 1 முதல் 70 வரை செல்வது. வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் 1949-இல் தம் நாட்டுப் பழைய செப்புக் காசுகளுக்காக வகுத்தது அது. இன்றைய வழக்கில், 60-க்குக் கீழே உள்ளவை புழங்கித் தேய்ந்தவை. 60-உம் அதற்கு மேலும் புழக்கத்துக்கே போகாதவை. 60-க்கும் 70-க்கும் இடையிலான வேறுபாடு தேய்வில் இல்லை. கீறல்கள் எத்தனை, அச்சு எவ்வளவு ஆழமாகப் பதிந்தது, இயற்கையான ஒளி எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பவற்றில் இருக்கிறது. 63-க்கும் 66-க்கும் உள்ள வேறுபாடு வெறுங்கண்ணுக்குத் தெரியாது. விலையில் மட்டும் நன்றாகத் தெரியும். நாணயத்தை ஆராய்ந்து எண்ணிட்டுக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறையில் முத்திரையிட்டுத் தரும் அமெரிக்க நிறுவனங்கள் 1986, 1987 ஆண்டுகளில் தோன்றின. இன்று இந்திய நாணயங்களும் அவ்வுறைகளில் விற்கப்படுகின்றன. போலி அச்சத்தை அது குறைக்கும் என்பது உண்மையே. ஆயினும் உறையின் மேலுள்ள எண்ணுக்காகப் பணத்தை அள்ளிக் கொடுப்பதைவிட, உள்ளே இருக்கும் காசைப் பார்க்கக் கற்றுக்கொள்வது மேல் என்பது என் கருத்து.

பார்ப்பது எப்படி? மேசை விளக்கு ஒன்றும் ஐந்து மடங்கு பெருக்கும் கண்ணாடி ஒன்றும் போதும். காசை விளிம்பில் மட்டும் பிடித்து, ஒளி ஒரு பக்கத்திலிருந்து விழும்படி மெல்லச் சுழற்ற வேண்டும். புழங்காத நாணயத்தில் ஒளிக்கீற்று வண்டிச்சக்கரத்தின் ஆரம்போலச் சுற்றி வரும். அச்சழுத்தத்தில் உலோகம் ஓடியதால் உண்டான நுண்கோடுகளின் விளைவு அது. பிறகு மேடான இடங்களைப் பார்க்க வேண்டும். அசோகச் சிங்கங்களின் முகமும் மார்பும்தான் முதலில் தேயும். அங்கே ஒளி அறுந்து மங்கலாகத் தெரிந்தால் அக்காசு புழங்கியது. எவ்வளவு பளபளத்தாலும் சரி.

பளபளப்பைப் பற்றி என் சொந்தக் கதை ஒன்று. பள்ளிக்கூடத்தில் பொருட்காட்சி நடந்தபோது என்னிடம் பன்னிரண்டு வெண்கல நயா பைசாக்கள் இருந்தன. முந்தின இரவு பாட்டியின் புளிப்பானையிலிருந்து ஓர் உருண்டை எடுத்து அத்தனையையும் தேய்த்தேன். குத்துவிளக்கைப்போல் மின்னின, பரிசும் கிடைத்தது. வளர்ந்தபின் சென்னையில் அனுபவமுள்ள சேகரிப்பாளர் ஒருவரிடம் அவற்றைக் காட்டினேன். ஒவ்வொன்றையும் அரை நொடி பார்த்து ஒதுக்கிவிட்டு, "யார் குளிப்பாட்டியது?" என்று மட்டும் கேட்டார். புளியின் அமிலம் காசின் மேல்தோலைத் தின்றுவிடுகிறது. அந்தச் சக்கர ஒளி மீண்டும் வராது. சாம்பல் அலுமினியக் காசுகளுக்குப் பகை. பற்பசை எல்லாவற்றுக்கும் பகை. வெள்ளி ரூபாயில் வளையம் பற்றவைத்து மாலையில் கோத்ததும் அப்படித்தான். அணியாக அழகு, சேகரிப்பில் எடைக்கு விலை.

மலையில் வாழும் நம் வாடிக்கையாளர்களுக்கு வேறு தொல்லைகளும் உண்டு. மூடுபனியின் ஈரம் பெட்டிக்குள் நுழையும். அலுமினியத்தில் வெள்ளைப் புள்ளிகளாக அரிப்பு கிளம்பும். அடுப்புப் புகை மற்றொன்று. வட்டவடைக்கே உரிய தொல்லை, பெருமையாகச் சொல்லப்படும் பூண்டுதான். பூண்டில் கந்தகச் சேர்மங்கள் மிகுதி. பூண்டு அடுக்கிய பரணிலேயே வெள்ளி ரூபாய்ப் பெட்டியையும் வைத்தால் சில ஆண்டுகளில் காசு கறுத்துவிடும். ரப்பர் வளையம் போட்டுக் கட்டினாலும் அதே விளைவு. மென்மையான பிவிசி உறைகள் நாளடைவில் கசிந்து பச்சைப் பிசினைப் படியவிடும். அட்டைச் சட்டத்தில் மைலார் தாள் ஒட்டிய உறைகளே நல்லவை, விலையும் அதிகமில்லை. மூடும் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றைப் போட்டு, உலர்ந்த அறையில் வைத்தால் போதும்.

சட்டம் பற்றியும் ஓரிரு சொற்கள். 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி நாணயங்களை உருக்குவதும் அழிப்பதும் குற்றம். கூடுதல் விலைக்கு விற்கும் நோக்கோடு, நியாயமான தேவைக்கு மிகுதியாகக் குவித்து வைப்பதையும் அச்சட்டம் தடை செய்கிறது. மாதிரிக்கு ஒன்றிரண்டு சேர்ப்பதும் மூட்டை மூட்டையாகப் பதுக்குவதும் ஒன்றல்ல. நூறு ஆண்டு கடந்த நாணயங்கள் தொல்பொருள். அவற்றை வெளிநாட்டுக்குத் தனியார் அனுப்ப முடியாது. மலைச்சரிவில் படிக்கட்டு வயல் வெட்டும்போது புதையல் கிடைத்தால், புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

பெரியவரின் தகர டப்பாவுக்கு வருகிறேன். இருபத்தைந்து பைசா பதினொன்று இருந்தன. 2011 ஜூன் மாத இறுதியோடு அவை செல்லாதவை ஆகிவிட்டன. ஐம்பது பைசா நான்கு. கடைக்காரர்கள் வாங்க மறுத்தாலும் அவை இன்றும் செல்லும். திருவிதாங்கூர்ச் சக்கரம் ஒன்று. பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம் என்ற கணக்கு வழங்கிய நாளில் இம்மலையில் புழங்கி மழுங்கியது. அடியில், நான்காக மடித்த தாளில் ஒரு பொட்டலம். "அப்பா வைத்தது. புதுக்காசு வந்த அன்றைக்கு மூணாறில் கூலிக்குக் கிடைத்ததாம். நான் பிரித்ததில்லை" என்றார்.

பிரித்தோம். 1957-ஆம் ஆண்டின் ஒரு நயா பைசா. தாளோடு ஒட்டியிருந்த விளிம்பில் மட்டும் பழுப்பு ஏறியிருந்தது. மற்ற இடமெல்லாம் அடித்த நாளின் சிவப்பு. சன்னலோரம் சாய்த்துப் பார்த்தேன், ஆரம் சுற்றியது. ஆண்டுக்குக் கீழே வைர வடிவம்: மும்பை நாணயச்சாலை. லட்சங்கள் பெறாது, ஆனால் அந்த டப்பாவில் சேகரிப்பாளர் ஒருவர் முன்வந்து விலை பேசக்கூடிய காசு அதுவொன்றே. ஏமாற்றுக்காரன் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. பெரியவரிடம் இதைச் சொன்னேன். விற்கும் எண்ணமில்லை என்றார். என் மேசையிலிருந்த அட்டை உறை ஒன்றை அவருக்குக் கொடுத்தேன். விரல் படாமல் அதை உள்ளே நழுவவிட அவருக்கு ஐந்து நிமிடம் பிடித்தது.

இப்பொழுதுகைத் தொடங்க விரும்புவோர் பழையதைத் தேடி அலைய வேண்டியதில்லை. நாணயச்சாலைகள் நேரடியாக விற்கும் புழங்காத தொகுப்புகளும், மெருகேற்றிய அச்சில் தனியாக அடிக்கப்படும் புரூஃப் நாணயங்களும் உண்டு. அவை விலை கொடுத்து வாங்குவன. முகமதிப்பிலேயே தொடங்கவும் வழி இருக்கிறது. கிளைக்குப் புதிய மூட்டை வந்திருக்கிறதா என்று காசாளரிடம் கேளுங்கள். பன்னிரண்டு பக்கமுள்ள இருபது ரூபாய் நாணயங்களில் இருபத்தைந்தை ஐந்நூறு ரூபாய்க்கு மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டில் விளக்கின் கீழ் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஆண்டுக்குக் கீழே நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத், வட்டப் புள்ளி இருந்தால் நொய்டா, குறியே இல்லையென்றால் கொல்கத்தா. கீறல் மிகக் குறைந்த ஒன்றை எடுத்து உறையிலிட்டு, கிடைத்த நாளையும் இடத்தையும் அட்டையில் எழுதுங்கள். மற்ற இருபத்து நான்கையும் கடையில் செலவழித்துவிடலாம்.