மூலிகை என்று எழுதியிருந்தால் போதுமா?

தீர்ந்துபோன கொசு லிக்விட் பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள். வேப்பெண்ணெயில் கற்பூரத்தைப் பொடித்துப் போட்டு, அதில் ஊற்றி மெஷினில் மாட்டுங்கள். காசும் மிச்சம், கெடுதலும் கிடையாது என்று யூடியூபில் சொல்லித் தருகிறார்கள். காசு மிச்சம்தான். ஆனால் அந்தத் திரி நீர்த்த திரவத்துக்காகச் செய்தது. கெட்டியான வேப்பெண்ணெய் அதில் சரியாக ஏறாது, அடைத்துக்கொண்டு கருகும். எண்ணெய் இளகட்டும் என்று டர்பன்டைனோ மண்ணெண்ணெயோ சேர்த்தால், சூடான மெஷினுக்குப் பக்கத்தில் தீப்பிடிக்கும் பொருளை நாமே கொண்டுபோய் வைக்கிறோம்.

தாவர எண்ணெய்கள் பூச்சியை விரட்டுவது உண்மைதான். கிராம்பின் யூஜினால், சிட்ரனெல்லா புல்லின் சிட்ரனெல்லால், நீலகிரித் தைலத்தின் சினியோல் எல்லாமே ஆவியாகும் பொருட்கள். அந்த ஆவிதான் கொசுவைத் தள்ளி வைக்கிறது. ஆவி போனதும் பலனும் போய்விடுகிறது. அமெரிக்காவில் ஏடிஸ் கொசுக்கள் உள்ள கூண்டுக்குள் கையை விட்டுச் சோதித்து, 2002இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். டீட் (DEET) என்ற கொசுவிரட்டி ரசாயனம் 23.8 சதவீதம் கலந்த மருந்து சராசரியாக 5 மணி நேரம் காத்தது. சிட்ரனெல்லா தயாரிப்புகள் 20 நிமிடம்கூடத் தாங்கவில்லை. ஏடிஸ்தான் பகலில் கடித்து டெங்கு பரப்பும் கொசு. காலையில் சட்டையில் ஒரு கொசுவிரட்டி ஸ்டிக்கரை ஒட்டிப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, மாலை வரை பாதுகாப்பு என்று நம்பியிருக்க முடியாது.

கற்பூரம் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். ஒரு கிராம் உள்ளே போனாலே சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்து. சில நிமிடங்களில் வலிப்பு வந்துவிடலாம். நீலகிரித் தைலத்தைக் குடித்தாலும் மயக்கம், வலிப்பு உண்டு. மலேசியாவில் சளிக்கும் இருமலுக்கும் வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட குழந்தைகள் வாந்தி, வலிப்பு, மயக்கம் என்று மருத்துவமனைக்கு வந்ததை 1981இல் லான்செட் இதழ் வெளியிட்டது. பாட்டி வைத்தியம் என்றாலும் அளவும் வயதும் பார்க்கத்தான் வேண்டும். எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய் என்று விற்பது நம் ஊட்டித் தைலம் அல்ல. அது வேறு மரம். அதை 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தடவக் கூடாது.

இவற்றில் எதையாவது குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். 108ஐக் கூப்பிட்டு, பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். டெல்லி எய்ம்ஸின் தேசிய நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற எண்ணில் எந்நேரமும் கேட்கலாம்.

வாங்கும்போது அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, வீட்டுக்கான கொசு மருந்தும் மத்திய பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவுக் குழுவில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண், உற்பத்தி உரிம எண், காலாவதித் தேதி, விஷமுறிவுக் குறிப்பு, நச்சின் அளவைக் காட்டும் வண்ணக் குறியீடு எல்லாம் அட்டையில் இருக்கும். ஆயுர்வேத மருந்தாக விற்றால் அதற்கான உரிம எண் இருக்கும். இரண்டுமே இல்லாமல் வேப்பிலைப் படம் மட்டும் போட்ட கொசுவத்தியை வாங்காதீர்கள். ‘ஹெர்பல்’ ஊதுபத்தி என்ற பெயரில் பதிவு பெறாத செயற்கை ரசாயனத்தைக் கலந்து விற்பதும் நடக்கிறது.

ஏமாந்துவிட்டால் பில், பாட்டில், அட்டையின் படம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். ‘நூறு சதவீதம் பாதுகாப்பு’ போன்ற பொய் விளம்பரத்தை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விசாரிக்கலாம். இழப்பீடு வேண்டுமென்றால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம்.