டீசல் வண்டியும் திருத்தி எழுதிய அட்டவணையும்

சென்னையை அடுத்த ஒரகடத்துத் தொழிற்சாலையிலிருந்து 2012ஆம் ஆண்டில் ரெனோ டஸ்டர் என்னும் வண்டி வெளிவந்தபோது, அதன் டீசல் ரகம் 85 குதிரைசக்தியிலும் 110 குதிரைசக்தியிலும் கிடைக்கும் என்று அறிவித்தார்கள். இரண்டிலும் இருந்தது 1,461 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள ஒரே குடும்பத்து எஞ்சின்தான் என்று கேள்விப்பட்டவருக்கு, மிச்சமுள்ள 25 குதிரைசக்தியைக் கம்பெனி வேண்டுமென்றே ஒளித்து வைத்திருக்கிறது என்ற சந்தேகம் தோன்றுவது இயல்பே. ஒளித்து வைத்ததை எடுத்துத் தருகிறோம் என்பவர்களும் இன்று பெருநகரங்களில் இருக்கிறார்கள். அவர்கள் செய்யும் காரியத்துக்கு ‘ரீமேப்’ என்று பெயர். ஒரு நட்டைக்கூடக் கழற்றாமல், ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் மடிக்கணினியை இணைத்து, சற்று நேரத்தில் வண்டியின் சுபாவத்தையே மாற்றிவிடுகிறார்கள் என்பது வாஸ்தவம். அதை இந்திரஜாலம் என்று வியப்பவரும் வெறும் மோசடி என்று ஒதுக்குபவரும் எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்காதவர்களே.

ருடால்ஃப் டீசல் 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய யந்திரத்தின் தத்துவம் இன்றும் மாறவில்லை. சிலிண்டர் நிறையக் காற்றை இழுத்து, அதை ஏறக்குறைய 16இல் ஒரு பங்காக நெருக்கி, அந்த நெருக்கத்தால் பிறக்கும் 500 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் எண்ணெயைத் தெளித்தால், தீப்பொறியின் உதவியின்றித் தானே பற்றிக்கொள்கிறது. பெட்ரோல் எஞ்சினைக் காற்றின் அளவால் ஆளுகிறோம் என்றால், டீசலை எண்ணெயின் அளவால் ஆளுகிறோம். அந்த அளவைப் பல்லாண்டுக் காலம் நிர்ணயித்தது, 1927இல் ராபர்ட் போஷின் நிறுவனம் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கிய பம்பைப் போன்ற யந்திரப் பம்புகளே. உச்ச அளவைக் கட்டுப்படுத்தும் திருகுக்கு முத்திரை வைத்துத்தான் அனுப்புவார்கள். பாரம் ஏற்றிய லாரி மேட்டில் திணறுகிறது என்று சொன்னால், பட்டறைக்காரர் அந்த முத்திரையை உடைத்துத் திருகைச் சற்றே திருப்பிவிடுவார். இன்றைய ரீமேப்காரருக்கு அவரே மூதாதை.

இப்போது அந்தத் திருகு இல்லை. அதன் ஸ்தானத்தில் எண்கள் இருக்கின்றன. 1997இல் ஆல்ஃபா ரோமியோ 156 என்னும் இத்தாலிய வண்டியில் விற்பனைக்கு வந்த ‘காமன் ரெயில்’ முறையில், அன்று சுமார் 1,350 பார் அழுத்தத்திலும் இன்று 2,000 பாருக்கு மேலும் எண்ணெய் ஒரு பொதுக் குழாயில் ஆயத்தமாக நிற்க, எந்த இன்ஜெக்டர் எப்போது திறந்து எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை ஈ.சி.யூ. என்னும் சிறு கணினி தீர்மானிக்கிறது. நிமிஷத்துக்கு 2,000 சுற்றில் ஓடும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் இந்தத் தீர்மானம் விநாடிக்கு 66 தடவைக்கு மேல் நிகழ வேண்டும். தடவைக்குச் சில பத்து மில்லிகிராமுக்கு மேற்படாத எண்ணெயையும் ஒரேயடியாகத் தெளிக்காமல், கடகடவென்ற ஓசையை அடக்குவதற்காக முன்கூட்டியே ஒரு துளியை விட்டுப் பிறகே பிரதானப் பங்கை விடுகிறது. இதற்கெல்லாம் வேண்டிய விடைகளைத் தயாரிப்பாளர் பரிசோதனைக் கூடத்தில் முன்னரே கண்டறிந்து, சுற்று வேகம் ஒரு பக்கமும் பாரம் மறு பக்கமுமாக அட்டவணைகளில் நிரப்பிவிடுகிறார். அந்த அட்டவணைகளைத்தான் ‘மேப்’ என்கிறார்கள். நாம் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது ஈ.சி.யூ.வுக்கு ஒரு விண்ணப்பம் மாத்திரமே: கியர்பாக்ஸ் தாங்கும் முறுக்குவிசை எவ்வளவு, உள்ளே வந்திருக்கும் காற்றில் புகையின்றி எரியக்கூடிய எண்ணெய் எவ்வளவு, எஞ்சின் எவ்வளவு சூடேறியிருக்கிறது என்று பல வரம்புகளையும் பார்த்து, எது மிகக் குறைவோ அதையே அது அனுமதிக்கிறது.

ரீமேப் செய்பவர் கை வைப்பது இந்த வரம்புகளில்தான். எண்ணெயின் அளவைக் கூட்டுகிறார். அதற்கு ஈடாக டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தையும் கூட்டுகிறார். தெளிக்கும் நேரத்தைச் சற்று முன்னதாக நகர்த்துகிறார். டர்போ பொருத்திய டீசலில் 20 முதல் 30 சதவீதம் வரை சக்தி இப்படிக் கூடுவது சாதாரணம். இவற்றை ஒன்றுக்கொன்று இசைவாகக் கூட்டுவதிலேதான் சாமர்த்தியம் இருக்கிறது. காற்றைக் கூட்டாமல் எண்ணெயை மட்டும் கூட்டினால், அடுப்பு வாயை அடைத்து விறகைத் திணித்த கதையாக, சக்திக்குப் பதில் கரும்புகையே வரும். மைலேஜும் கூடும் என்று சிலர் ஆசை காட்டுவார்கள். நிதானமாக ஓட்டினால் அற்பசொற்பம் கூடலாம். ஆனால், இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தின் அட்டவணையையே திருத்திவிட்டால், ஈ.சி.யூ. தான் தெளித்ததாக நம்பும் அளவு வேறு, வாஸ்தவத்தில் தெளித்த அளவு வேறு ஆகிவிடுவதால், டேஷ்போர்டு காட்டும் மைலேஜ் பொய்யாகிவிடும்; பெட்ரோல் பங்க் ரசீதையும் ஓடிய தூரத்தையும் வைத்துக் கணக்குப் பார்ப்பதே உத்தமம்.

அப்படியானால் கம்பெனி ஏன் முன்னமே கூட்டவில்லை? டஸ்டரையே பார்ப்போம். 110 குதிரைசக்தி ரகத்தில் இதழ்களின் கோணம் மாறும் டர்போவும் ஆறு கியர்களும் இருந்தன. 85 குதிரைசக்தி ரகத்தில் இதழ் அசையாத டர்போவும் ஐந்து கியர்களுமே இருந்தன. எண்களை மாற்றினால் முன்னதன் சக்தியை அடையலாம். முன்னதன் அவயவங்களை அடைய முடியாது. எஞ்சியிருப்பதாகத் தோன்றும் சக்தி யாருக்கும் பயன்படாமல் கிடப்பதும் அன்று. மட்டமான டீசலுக்காகவும், சித்திரை வெயிலுக்காகவும், காற்று மெலிந்த உதகைச் சாலையில் டர்போ கூடுதலாகச் சுழல வேண்டியிருப்பதற்காகவும், ஏர் ஃபில்டரை மாற்ற மறக்கும் சொந்தக்காரருக்காகவும் ஒதுக்கிய பங்கு அது. சிறிய டர்போவின் சக்கரம் நிமிஷத்துக்கு 2 லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது. அதன் முகத்தில் படும் வாயுவின் உஷ்ணமும் 800 டிகிரியை ஒட்டியது. மேற்கொண்டு தாங்க அதற்கு அதிக இடமில்லை. பெரும்பாலும் முதலில் சரணடைவது கிளட்ச்தான்: குறைந்த சுற்றிலேயே முறுக்குவிசை பொங்கி எழும்படி எழுதிய மேப், தட்டை வழுக்கவைத்துத் தேய்த்துவிடும்.

இவை சொந்தக்காரரின் பணப்பைக்கு மட்டும் வரும் நஷ்டங்கள். ஊர் சுவாசிக்கும் காற்று வேறு விஷயம். உஷ்ணம் மிகுந்து எரியும்போது காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் கூடி நச்சு வாயுக்கள் பிறக்கின்றன. கழிவு வாயுவில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே விட்டு உஷ்ணத்தைத் தணிப்பதும் ஓர் அட்டவணையின் வேலையே. 2015 செப்டம்பரில் உலகத்தைத் திடுக்கிடச் செய்த ஃபோக்ஸ்வேகன் விவகாரத்தில், கழிவு வாயுச் சோதனை நடக்கிறது என்று கண்டுகொண்டு அப்போது மாத்திரம் ஒழுங்காக நடந்துகொள்ளும்படி எழுதப்பட்ட மென்பொருள் சுமார் 1.1 கோடி வண்டிகளில் இருந்தது. இந்தியாவில் 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி அமலானபோது, டீசல் கார் வெளியிடலாகும் நைட்ரஜன் ஆக்ஸைடு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராமிலிருந்து 80 ஆகவும், நுண்துகள் 25இலிருந்து 4.5 ஆகவும் குறைக்கப்பட்டன. அந்த விதிக்காக வைத்த துகள் வடிகட்டியை எடுத்தெறிந்து, அது இல்லாததை ஈ.சி.யூ. கவனிக்காதபடி எழுதித் தரும் வியாபாரத்தை ரீமேப் என்று அழைப்பதே அநியாயம்.

தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது, வாரண்டியும் நிற்காது. இவ்வளவும் தெரிந்த பிறகும் வண்டியைக் கொடுக்கத் துணிபவர்கள், எழுதுமுன் உங்கள் வண்டியின் மூல ஃபைலைப் படித்து ஒரு பிரதி தரச் சொல்லுங்கள். யாரோ ஒருவருடைய வண்டிக்கு எழுதியதை ஏற்றாமல், உங்கள் வண்டியைச் சாலையில் ஓட்டி, டர்போ அழுத்தத்தையும் உஷ்ணத்தையும் அளந்து காட்டச் சொல்லுங்கள். வடிகட்டியைக் கழற்றலாமே என்று ரீமேப்காரர் ஆரம்பித்தால், வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.