வாளோடு நிற்பவர் யார்?

மார்க்கவசம் அணிந்து, இடுப்பில் இரண்டு வாள் செருகி, ஸ்டூடியோத் திரைக்கு முன்னால் ஒருவர் நிற்கிறார். கன்னத்தில் இளஞ்சிவப்பு, கவசத்தின் கயிறுகளில் கருநீலம். எல்லாம் தூரிகையால் ஏற்றிய நிறம். 'சாமுராய், 1880-கள்' என்ற குறிப்போடு இப்படிப்பட்ட படங்கள் கைபேசிக்குக் கைபேசி தாவுகின்றன. படம் எடுத்தது உண்மையிலேயே 1880-களில் என்றால், நிற்பவர் பெரும்பாலும் வேடமிட்ட ஆள்தான். பொது இடத்தில் வாள் தரிப்பதை ஜப்பானிய அரசு 1876-லேயே தடைசெய்துவிட்டது. சாமுராய்களின் பரம்பரை ஊதியமும் அதே ஆண்டோடு முடிந்தது. ஆனால் தாளில் அச்சிட்டது 1880-களில், நெகட்டிவ் எடுத்தது 1860-களில் என்றால்? அப்போது அவர் அசல் சாமுராயாகவே இருக்கலாம். அதே முகம், அதே வாள். விடை மட்டும் தலைகீழாகிறது. அந்த விடை பல நேரம் உருவத்தில் இருப்பதில்லை. படம் ஒட்டிய அட்டையிலும், ஓரத்தில் பொறித்த எண்ணிலும், ஆல்பத்தின் வரிசையிலும் இருக்கிறது. அதனால்தான், இந்தப் படங்களை வெறும் காட்சியாகப் பார்க்காமல், கிண்ணத்தையும் மிதியடியையும் போல ஒரு பொருளாகவே அருங்காட்சியகங்கள் காக்க வேண்டும் என்கிறேன்.

அந்தப் பொருள் எப்படி உருவாயிற்று என்று பார்த்தால் இது புரியும். உப்பு கலந்த முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, தெளியவைத்து, மெல்லிய தாளில் பூசிக் காயவைப்பார்கள். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் இந்தத் தாளுக்குப் பெயர்போனது. படம் அச்சிடும் முன் தாளை வெள்ளி நைட்ரேட் கரைசலில் மிதக்கவிட்டால் அது ஒளியை உணரத் தொடங்கும். கண்ணாடி நெகட்டிவை அதன்மேல் அழுத்தி வெயிலில் வைத்தால், உருவம் பழுப்பும் ஊதாவும் கலந்து மெல்ல எழுந்துவரும். பிறகு தங்கக் கரைசலில் நனைத்து, ஹைப்போ என்னும் ரசாயனக் கரைசலில் நிலைநிறுத்திக் கழுவ வேண்டும். இந்தத் தாள் ஓலைபோலச் சுருண்டுகொள்ளும். அதனால்தான் அட்டையில் ஒட்டினார்கள். பின்னர் ஓவியர் அமர்ந்து நீர்ச்சாயத்தை மிக மெல்லிசாக ஏற்றுவார். அடியிலுள்ள நிழலும் வெளிச்சமும் அந்தச் சாயத்தினூடே தெரிய வேண்டும். சற்றே தடித்தாலும் முகம் களிமண் பொம்மையாகிவிடும். மரத்தில் செதுக்கி வண்ண அச்சு எடுக்கும் மரபில் ஊறிய நாட்டில் இந்தக் கை பழகியிருந்தது. வெளிநாட்டுப் பயணிகள் மாதிரிப் படங்களைப் பார்த்து எண் சொல்லித் தேர்ந்தெடுப்பார்கள். பெரும்பாலும் 50 படங்கள் அரக்குப் பூச்சு அட்டைக்குள் ஆல்பமாகிக் கப்பலேறும். யோகோஹாமா துறைமுகத்தில் செழித்த வியாபாரம் இது.

வியாபாரம் என்பதால் நெகட்டிவ்களும் சரக்காகக் கைமாறின. சிப்பாய்க் கிளர்ச்சிக்குப் பின் லக்னோவில் படமெடுத்த ஃபெலிசே பியாட்டோ 1863-இல் யோகோஹாமா வந்தார். 1866-இல் நகரில் மூண்ட தீயில் அவருடைய ஸ்டூடியோவும் எரிந்தது. மீண்டும் நாடெங்கும் சுற்றிப் படமெடுத்தார். 1877-இல் கடையையும் சரக்கையும் ஸ்டில்ஃப்ரீட் - ஆண்டர்சன் நிறுவனத்துக்கு விற்றார். 1885-வாக்கில் அந்தச் சரக்கும் பிரிந்து, அடோல்ஃபோ ஃபர்சாரி என்ற படக்கலைஞரிடமும், முன்பு பியாட்டோவிடம் வண்ணம் தீட்டிய குசகாபே கிம்பேயிடமும் போய்ச் சேர்ந்தது. ஆக, கிம்பேயின் ஆல்பத்தில் இருப்பதாலேயே ஒரு படத்தை எடுத்தவர் கிம்பே ஆகிவிடமாட்டார். எண்ணும் எழுத்தின் பாணியும் கடைக்குக் கடை வேறுபடும். நாகசாகி பல்கலைக்கழக நூலகமும் யோகோஹாமா வரலாற்று ஆவணக்காப்பகமும் காத்துவரும் தொகுப்புகள் போன்றவற்றை ஒப்பிட்டுத்தான் ஆய்வாளர்கள் எது யாருடையது என்று பிரிக்கிறார்கள். ஆல்பத்தைப் பிரித்து அழகான படத்தை மட்டும் ஏலத்தில் விற்கும்போது இந்தத் தடயம் அறுந்துபோகிறது. அந்த இழப்பை எந்த ஆய்வாளராலும் ஈடுகட்ட முடியாது.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும்: விற்பதற்காக ஜோடித்த காட்சிகளைக் காத்து என்ன பயன்? புயலில் குடையோடு தள்ளாடும் பெண்ணைக் காட்டும் கிம்பேயின் படம் ஒன்று உண்டு. அதில் காற்றும் இல்லை, மழையும் இல்லை. கிமோனோவின் ஓரம் பறப்பதுபோல இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். மழைக் கோடுகள் நெகட்டிவில் கீறியவை. அந்தப் புயல் பொய். ஆனால் குடையும் மிதியடியும் துணியை உடுத்திய விதமும் பொய்யில்லை. அப்படியே நம்பிவிடலாமா என்றால், அதுவும் கூடாது. இன்னொரு சாட்சி வேண்டும். அமெரிக்க விலங்கியலாளர் எட்வர்ட் மோர்ஸ் 1877-இல் சிப்பிபோல ஓடுடைய கடலுயிர்களைத் தேடி ஜப்பானுக்கு வந்தவர். அன்றாட வாழ்வு வேகமாக மாறுவதைக் கண்டு, யாரும் பொருட்படுத்தாத சாமான்களைச் சேகரித்தார். கடைப் பெயர்ப்பலகைகள், தச்சுக் கருவிகள், தேய்ந்த மர மிதியடிகள் என்று அவர் கொண்டுபோனவை இன்று சேலம் நகரின் பீபாடி எசெக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. (நம் சேலமல்ல, மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம்.) மோர்ஸும் வெளியாள்தான், தனக்குப் பிடித்ததைத்தான் எடுத்தார் என்று சொல்லலாம், அது சரியும்கூட. ஆனாலும் படத்துப் பெண்ணின் மிதியடி காட்சிக்காக அணிந்தது, மோர்ஸ் எடுத்துவந்தது நடந்து தேய்ந்தது. இரண்டையும் அருகருகே வைத்தால்தான் அலங்காரம் எங்கே முடிகிறது, வாழ்க்கை எங்கே தொடங்குகிறது என்று தெரிகிறது.

ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்தால் போதாதா என்பார்கள். ஸ்கேன் அவசியம், நாகசாகித் தொகுப்பை உலகம் பார்ப்பது அதனால்தான். இந்தப் படங்கள் வெளிச்சம் பட்டால் வெளிறுபவை, ஆகவே எல்லோருக்கும் எடுத்துக் காட்டவும் முடியாது. ஆனால் திரையில் தெரியும் மஞ்சள், ஓவியர் தீட்டியதா, முட்டைப் பூச்சு முதிர்ந்து வந்ததா? அதைத் தாளைச் சாய்த்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். ஒரே நெகட்டிவிலிருந்து வந்த இரண்டு பிரதிகளில் இடுப்புப் பட்டை ஒன்றில் சிவப்பாகவும் மற்றதில் நீலமாகவும் இருப்பதுண்டு. அந்தப் பட்டையின் அசல் நிறத்தை இரண்டில் எதுவும் சொல்லாது. ஆனால் வெவ்வேறு மேசைகளில் வெவ்வேறு கைகள் வேலை செய்தன என்பதை இரண்டும் சேர்ந்து சொல்லும். பெயர் பதிவாகாத அந்த ஓவியர்களில் பலருக்கு இன்று எஞ்சியிருக்கும் ஒரே கையொப்பம் அந்தச் சிவப்பும் நீலமும்தான்.