சிங்கத்தின் வயிற்றைப் பார்த்ததுண்டா?

வன்னியம்பட்டியில் நின்று மேற்கே பார்த்தால் தெரியுமே, நம்ம மலை... அதில் சிங்கம் இருக்கா, சொல்லுங்க பார்ப்போம்? புலி உண்டு, சிறுத்தை உண்டு. 2021-லேயே அது ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் ஆகிவிட்டது. ஆனால் சிங்கம் கிடையாது. ஆசியச் சிங்கம் காட்டில் வாழ்வது இன்றைக்கு உலகத்திலேயே குஜராத்தில் மட்டும்தான். கிர் காட்டிலும் அதைச் சுற்றியும்.

சரி, ஆப்பிரிக்கச் சிங்கத்தையும் நம்ம நாட்டு கிர் சிங்கத்தையும் பக்கத்தில் நிறுத்தினால் எது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? எல்லாரும் முகத்தைத்தான் பார்ப்போம். வயிற்றைப் பாருங்க! முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே, அடிவயிற்றில் நீளவாக்கில் தோல் மடிந்து, இடுப்பில் தளர்ந்த வேட்டி மாதிரி தொங்கும். ஆண், பெண் இரண்டுக்கும் உண்டு. ஆப்பிரிக்கச் சிங்கத்தில் இது அபூர்வம்.

முகத்தைப் பார்த்தே ஆகணும்னா, ஆண் சிங்கத்தின் காதைக் கவனிங்க. கிர் சிங்கத்துக்கு உச்சந்தலையில் பிடரி குறைச்சல். அதனால் காது இரண்டும் பளிச்சென்று வெளியே தெரியும். கோயில் தூணில் சுருள் சுருளாகப் பிடரி வைத்தது சிற்பியின் தாராளம்!

தகவல் துளி இவ்வளவுதான் நேயர்களே. அடுத்து, நீங்கள் கேட்ட பாடல்.